கீழாநெல்லி இல்லாத சாட்சி

எனக்குப் பதினொரு வயதில் மஞ்சள் காமாலை வந்தது. 1994, ஆடி மாதம், வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த நேரம். எங்கள் சபையில் மருந்து எடுப்பதில்லை. ஊழியக்கார ஐயா வந்து தலையில் எண்ணெய் பூசி ஜெபித்தார், சபையார் மூன்று நாள் உபவாசம் இருந்தார்கள், பத்தாம் நாள் நான் எழுந்து உட்கார்ந்து பழைய சோறு கேட்டேன். இந்தச் சாட்சியைக் கூட்டத்தில் எழுந்து நின்று முப்பது நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன். எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் "ஸ்தோத்திரம்" கிளம்பும், எந்த இடத்தில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பார் என்பதெல்லாம் மனப்பாடம்.

அதே சாட்சியைத்தான் 2019இல் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ரெக்கார்டரைப் போட்ட ஆய்வாளரிடமும் சொன்னேன். அதில் கீழாநெல்லி இல்லை. தினமும் விடியற்காலையில், அம்மா கொல்லைப்பக்கம் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, அப்பாயி கீழாநெல்லியை அரைத்து மோரில் கரைத்துக் கொண்டுவந்து, "சத்தம் போடாம குடி" என்று வாயில் ஊற்றியது அதில் இல்லை. அப்பாயி கடைசிவரை சபைக்கு வரவில்லை. கையில் திருநீறு வாசமும் கீழாநெல்லி வாசமும் சேர்ந்தே இருக்கும்.

டாக்டர்களைக் கேட்டால், பெரும்பாலும் ஜெபமும் இல்லை கீழாநெல்லியும் இல்லை, குழந்தைகளுக்கு வரும் அந்த வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் என்பார்கள். அது இருக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு சிறிய, சர்ச்சைக்குள்ளான மதக் குழுவில் பிறந்து வளர்ந்து, இன்னமும் அதிலேயே இருக்கும் ஒருத்தி, அந்தக் குழுவைப் பற்றிய ஆய்வில் நான்கு வருடம் கூட இருந்து உதவியதில் எங்கெங்கே சறுக்கினாள் என்பதைத்தான். இதே மாதிரி உங்களைத் தேடியும் யாராவது ரெக்கார்டரோடு வந்தால் உதவலாம்.

சபையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பயத்தால் இல்லை, காரணம் பின்னால் வரும். கொள்ளிடத்துக்குத் தெற்கே சில ஊர்களில் இருக்கிறோம். நகை கிடையாது, பூ கிடையாது, தாலி கிடையாது, சினிமா கிடையாது, மருந்து கிடையாது (கடைசியது வீடுகளில் தளர்ந்துவிட்டது, மேடையில் தளரவில்லை). ஊரில் எங்களுக்கு "அல்லேலூயா கூட்டம்" என்று பெயர். லுத்தரன் சபைக்காரர்கள் "துர்உபதேசம்" என்பார்கள். பல்கலைக்கழகத்தில் "புதிய சமய இயக்கம்" என்று ஒரு சொல் இருக்கிறது என்பதே எனக்கு அந்த ஆய்வாளர் பெண் சொல்லித்தான் தெரியும். கேட்டபோது கொஞ்சம் மரியாதையாகத்தான் இருந்தது.

அவள் மதுரைப் பக்கத்துப் பெண், வெளிமாநிலத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். என்னை அக்கா என்பாள், நான் பாப்பா என்பேன். முதல் நாளே, "நான் உங்க சபைல சேர வரல அக்கா, எழுத வந்திருக்கேன், எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்லப் போறேன்" என்றாள். அதன் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை. பிறகு அவளே சொன்னாள்: 1954இல் அமெரிக்காவில் வெள்ளம் வந்து உலகம் அழியப்போகிறது என்று காத்திருந்த ஒரு சின்னக் கூட்டத்துக்குள், ஃபெஸ்டிங்கர் என்ற உளவியல் பேராசிரியரின் ஆட்கள் விசுவாசிகள் போல நடித்து நுழைந்தார்கள், 1956இல் அது புத்தகமாகவும் வந்தது. கூட்டமே கொஞ்சம் பேர், அதில் வேவு பார்க்க வந்தவர்கள் பலர். அப்படியானால் அங்கே நடந்ததில் எவ்வளவு அவர்களால் நடந்தது? அதற்கு நேர்மாறாக, ஐலீன் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், "மூளைச்சலவைக் கூட்டம்" என்று உலகமே திட்டிக்கொண்டிருந்த கொரியாவின் ஒருங்கிணைப்புச் சபையை, தான் யார் என்று சொல்லிவிட்டே பல வருடம் பழகி ஆராய்ந்து 1984இல் எழுதினார். ஆகவே உங்களிடம் வருபவர் முதலில் தன்னை யாரென்று சொல்கிறாரா என்று பாருங்கள். சொல்லாவிட்டால் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஆரம்பத்தில் நான் செய்த தப்பு பெரிது. நான் கணக்கு டீச்சர். அவள் ஆறு பக்கம் எழுதிக் காட்டினால் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவேன். "நாங்கள் அப்படிச் சொல்வதில்லை", "நாங்கள் நம்புவது இது", "இது தவறு, யாக்கோபு 5:14 பார்க்கவும்" என்று ஓரமெல்லாம் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு மூன்று தடவை பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க திருத்தினதுக்கு அப்புறம் இது உங்க சபைத் துண்டுப்பிரசுரம் மாதிரி இருக்கு. அது என்கிட்ட ஏற்கெனவே இருக்கு, ரயில்வே ஸ்டேஷன்லயே கொடுத்தாங்க" என்றாள். எனக்குச் சரியான கோபம். இரண்டு வாரம் போனை எடுக்கவில்லை.

கோபம் ஆறியபின் அந்த ஆறு பக்கத்தை எடுத்து, நான் எழுதியதில் எத்தனை "நாங்கள்" என்று எண்ணினேன். நாற்பத்தொன்று. அதில் பாதிக்கு மேல், உண்மையில் ஐயா மேடையில் சொன்னது. இன்னும் சில, பிரசுரத்தில் அச்சடித்திருப்பது. எங்கள் வீட்டில் நடந்தது என்று சொல்லக்கூடியது நான்கோ ஐந்தோதான். அந்த நான்கைந்துக்காகத்தான் அவள் மதுரையிலிருந்து பஸ் ஏறி வருகிறாள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். "நாங்கள்" என்று வாய் திறந்தால் உடனே, யார் அந்த நாங்கள், மேடையா, புத்தகமா, எங்கள் அடுப்படியா என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வது. உள்ளே இருப்பவர்களுக்கு இது லேசில் வராது, ஏனென்றால் சிறுபான்மையில் சிறுபான்மையாக இருப்பவர்களுக்கு வெளியாள் முன்னால் ஒரே குரலில் பேசுவது சின்ன வயதிலிருந்தே பழகியது.

நகையை எடுத்துக்கொள்ளுங்கள். மேடைப்படி, பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரம் படித்து உணர்த்தப்பட்டு, அம்மா எல்லா நகையையும் கழற்றினார். பாப்பாவும் அப்படித்தான் எழுதியிருந்தாள், துறவு என்றும் பெண்களுக்குள் சமத்துவம் என்றும் இரண்டு பத்தி. நான் அம்மாவிடம் கேட்டேன். சங்கிலி ஏற்கெனவே கும்பகோணத்தில் அடகில் கிடந்தது, குறுவை போய்விட்ட வருடம், வட்டி ஏறி மூழ்கும் நிலை. கழற்றியது காதில் கிடந்த தோடும் மூக்குத்தியும்தான். அதற்காக அம்மா உணர்த்தப்பட்டது பொய்யாகிவிடாது, மூழ்கப்போகிற சங்கிலியை நினைத்து ராத்திரி தூங்காமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு அந்த வசனம் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்தால் இன்னும் உண்மையாகத்தான் படுகிறது. ஆனால் இதை வெளியிலிருந்து வருபவர் எத்தனை தடவை பேட்டி எடுத்தாலும் பிடிக்க முடியாது. அடகுச் சீட்டை யாரும் சாட்சியில் சொல்வதில்லை.

இன்னொன்றும் சொன்னேன், அதைக் கேட்டு அவள் நோட்டை மூடிவிட்டு ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தாள். எங்கள் சபையில் பெண்களில் யார் எப்போது வந்தார்கள் என்று கேட்கவே வேண்டாம், காதைப் பார்த்தால் போதும். ஓட்டை நன்றாகத் தெரிந்தால் கல்யாணத்துக்குப் பிறகு வந்தவர். தூர்ந்து புள்ளி மாதிரி இருந்தால் சின்னப் பெண்ணாக இருக்கையில் பெற்றோரோடு வந்தவர். ஓட்டையே இல்லாவிட்டால் சபையில் பிறந்தவர், என்னை மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருப்பவர்களின் காதை வரிசையாகப் பார்த்தால் சபை எந்த வருடங்களில் வளர்ந்தது, எப்போது வெளியிலிருந்து வருவது நின்றது என்று தெரிந்துவிடும். பதிவேட்டை நம்ப முடியாது, அதில் சேர்ந்தவர்களை மட்டும்தான் எழுதுவார்கள், போனவர்களைக் கழிப்பதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் உதவாது, அதில் எல்லாரும் கிறிஸ்தவர் என்று ஒரே பெட்டியில் விழுவோம், 2011இல் தமிழ்நாட்டில் 6.12 சதவீதம் என்றிருப்பதில் நாங்கள் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்.

அதே சமயம் வெறுங்கழுத்தோடு மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டில் நிற்பது எப்படி இருக்கும் என்பதையும் சொன்னேன். இந்தப் பக்கத்தில் அது ஒரே ஒரு அர்த்தத்தில்தான் படிக்கப்படும். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே ஒரு பாட்டி "எப்பம்மா தவறுனாரு" என்று கேட்டிருக்கிறார். அவர் அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, சாட்சிக்கு வருகிறேன். மூன்றாவது முறை அவள் வந்தபோது என் ரெக்கார்டிங்கை எழுதிக் கொண்டுவந்து, அதன் பக்கத்திலேயே வேறு இரண்டு பேருடைய சாட்சியையும் பெயரில்லாமல் வைத்துக் காட்டினாள். மூன்றும் ஒரே அச்சு. முதலில் உலகத்தார் கைவிடுவது, பிறகு ஐயா வருவது, பிறகு ஒரு இரவு மோசமாவது, பிறகு பசி எடுப்பது. எல்லாருக்கும் கடைசியில் பசி எடுக்கிறது! நான் பொய் சொல்லவில்லை, ஆனால் சாட்சி என்பதற்கு ஒப்பாரி மாதிரி, நலங்குப் பாட்டு மாதிரி ஒரு கட்டு இருக்கிறது, அதற்குள் எது நிற்குமோ அதுதான் உள்ளே வரும். அப்பாயி நிற்கமாட்டார். சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போடாமல் ஜெபித்துக்கொண்டே இருந்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவந்த ஒருவர் எங்கள் பக்கத்துச் சபையில் இருந்தார், அவரும் அந்தக் கட்டுக்குள் நிற்கமாட்டார். அவர் வீட்டைத் தாண்டித்தான் தினமும் ஸ்கூலுக்குப் போனேன், ஒரு சாட்சியிலும் அவரைக் கேட்டதில்லை. அன்று ராத்திரியே பாப்பாவிடம் கீழாநெல்லியைச் சொன்னேன். சொல்லிவிட்டு, "இதைப் போடாதே" என்றும் சொன்னேன். அவள் போடவில்லை. ஆனால் எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது, இரண்டு வருடத்துக்கு மேல்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் இருவரும் தரங்கம்பாடிக்குப் போனோம். அவளுக்கு அது ஆய்வு, எனக்கு லீவு. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு வெளியே சுண்டல் தின்றுகொண்டே அவள் சொன்ன கதைதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. 1706 ஜூலையில் அங்கே வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, கூட இருந்த க்ரூண்ட்லரோடு சேர்ந்து, இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பியிருக்கிறார்: உங்கள் சாமி என்ன, பாவம் என்றால் என்ன, எங்கள் மதத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள். 1712இலிருந்து 1714வரை தமிழர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். தொண்ணூற்றொன்பது கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலே நகரில் அச்சானது. இன்று அவை ஜெர்மன் வழியாகத்தான் கிடைக்கின்றன. அவரே தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் எழுதி அனுப்பிய பெரிய கையெழுத்துப்படியை ஹாலேயில் அச்சடிக்க மறுத்துவிட்டார்கள். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினால் அதை ஐரோப்பாவில் பரப்புகிறாயா என்று கேட்டார்களாம். 1867இல்தான் அது வெளிவந்தது, அவர் செத்து நூற்று நாற்பத்தெட்டு வருடம் கழித்து.

நான் அந்தத் தொண்ணூற்றொன்பதைத்தான் நினைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். முந்நூறு வருடத்துக்கு முன்னால் இதே உப்புக்காற்றில் உட்கார்ந்து, வெள்ளைக்காரர் கேட்ட கேள்விக்கு ஓலையில் பதில் எழுதிய ஒருவர், வீட்டில் நடப்பதை எழுதினாரா, இல்லை சாஸ்திரம் சொல்வதை எழுதினாரா? என்னை மாதிரி "நாங்கள்" "நாங்கள்" என்று எழுதியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

இப்போது பெயர் விஷயம். ஆய்வில் பெயரை மாற்றிப் போடுவார்கள், அது போதும் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களைப் போல ஒரு ஊரில் மூன்று வீடு, நான்கு வீடு இருக்கும் கூட்டத்துக்குப் பெயர் மாற்றுவது கண்ணை மூடிக்கொண்டு ஒளிவது மாதிரி. "கொள்ளிடக் கரையோரக் கிராமம், தையல்காரர், இரண்டு பெண்கள்" என்று எழுதினால் சீர்காழியிலிருந்து கும்பகோணம்வரை இருக்கும் சபையார் அத்தனை பேரும் எங்கள் வாசலைக் காட்டுவார்கள். ஆகவே தொழிலை மாற்றச் சொல்லுங்கள், பிள்ளைகள் எண்ணிக்கையை மாற்றச் சொல்லுங்கள், ஒரு ஆள் சொன்னதை இரண்டு ஆளாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இதிலேயும் சிலதை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

அதைவிட முக்கியமானது சான்றிதழ். டெல்டாவில் எங்கள் மாதிரிச் சபைகளில் பலர் தலித் குடும்பங்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும், 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவருக்குக் கிடையாது. 2024 நவம்பரில்கூட, புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றவர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதில் ஞானஸ்நானப் பதிவும் பேசப்பட்டது. இப்போது யோசியுங்கள், ஆய்வேட்டில் "இவர் 1998இல் ஞானஸ்நானம் எடுத்தார், மகன் அரசு வேலையில் இருக்கிறார்" என்று அப்பாவியாக ஒரு வரி. பாப்பாவுக்கு இது தோன்றவே இல்லை, பாவம், அவளுக்கு ஞானஸ்நான வருடம் என்பது ஒரு தகவல். எங்களுக்கு அது ஒரு வீட்டின் சாப்பாடு. அந்த அட்டவணையையே எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டாள். நான்கு வருடத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சொல்லமாட்டேன் என்று சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு. 2021இல் யார் யார் கொரோனா ஊசி போட்டுக்கொண்டார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரியும், வீடு வாரியாகத் தெரியும். "தெரியும், சொல்லமாட்டேன்" என்றேன். "தெரியாது" என்று சொல்லியிருந்தால் அது ஆய்வில் ஒரு பொய்யாக உட்கார்ந்திருக்கும்.

சபையில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கூப்பிட்டு விசாரித்தார்கள். ஐயாவுக்கு முன்னால் இரண்டு மணி நேரம். அவர் பயம் எனக்குப் புரிந்தது. 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து 2004இல் திரும்பப் பெறப்படும்வரை, நோட்டோடு தெருவில் யார் வந்தாலும் ஜெபத்தை நிறுத்திவிட்டு விளக்கணைத்த காலம் அவருக்கு நினைவில் இருந்தது. என்னை நீக்கவில்லை, ஆறு மாதம் சாட்சி சொல்ல வேண்டாம் என்றார்கள். அதுவே எனக்கு உதவியாகப் போயிற்று என்று அவர்களுக்குத் தெரியாது. 1993 செப்டம்பரில் அமெரிக்காவின் மார்மன் சபை தன்னைப் பற்றி எழுதிய தன் சொந்த அறிஞர்கள் ஆறு பேர்மேல் நடவடிக்கை எடுத்து, ஐந்து பேரை முழுக்க விலக்கிய கதையைப் பாப்பா சொன்னபோது, நான் அதிர்ஷ்டக்காரிதான் என்று நினைத்தேன். ஆனால் முன்கூட்டியே ஐயாவிடம் நானே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாம் ஆள் வாயிலிருந்து அவர் கேள்விப்பட்டது என் தப்பு.

வெளியே போனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பேச்சில் அவர்கள் "பின்மாறிப்போனவர்கள்". என் சித்தி ஒருவர் அப்படி. பாப்பா அவரையும் பார்க்கப் போகிறேன் என்றபோது, "அவங்க கோபத்துல பேசுவாங்க, நம்பாதே" என்றேன். "நீங்க பாசத்துல பேசுறீங்க, அதை நான் நம்புறேன்ல" என்றாள். பதில் இல்லை என்னிடம். சித்தி வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டு, கூட வரவில்லை. கூடப் போகாதீர்கள், நீங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அவர்கள் பேசமாட்டார்கள்.

போன வருடம் ஆய்வேட்டின் கடைசி வரைவு வந்தது. அம்மாவைப் பற்றிய பக்கங்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் சரி என்பேன் என்று முதலிலேயே பேசியிருந்தோம். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். என் சாட்சி வந்தது. வாய் தானாகவே பழைய தாளத்தில் போயிற்று, பாதியில் நிறுத்திவிட்டு, "அம்மா, அப்பாயி எனக்குக் கீழாநெல்லி கொடுத்துச்சு" என்றேன். முப்பது வருடம் கழித்து.

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒங்க அப்பாயிக்கு அப்பவே ரெண்டு கண்ணுலயும் பொரை. வரப்புல எது கீழாநெல்லி எது வேற பூண்டுன்னு அவுங்களுக்கு எப்புடித் தெரியும்?"

எனக்குப் பேச்சே வரவில்லை. ஐயாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அம்மா அதற்குப் பதில் சொல்லாமல், "ஜெபமும் பண்ணுனோம்ல, மூணு நாளு பச்சத்தண்ணி குடிக்கல. அதையும் எழுதச் சொல்லு அந்தப் புள்ளைய" என்றார்.

பாப்பாவுக்குப் போன் போட்டேன். ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டாள். அம்மாவிடம் கேட்டேன்.

"வரட்டும். சனிக்கிழமை மட்டும் வேணாம், உபவாசம். வர்ற புள்ளைக்கு ஒண்ணும் கொடுக்க முடியாது."